செட்டாப் பாக்ஸ் தானாக அணைந்து அணைந்து எரிகிறதா? பிளக் முதல் டிஷ் குடை வரை முழு வழிகாட்டி

ராத்திரி சீரியல் ஓடிக்கொண்டிருக்கும்போது பொசுக்கென்று படம் போய்விடுகிறது. டிவியில் கரண்ட் இருக்கிறது, ‘சிக்னல் இல்லை’ என்று எழுத்து மட்டும் மிதக்கிறது. பக்கத்தில் செட்டாப் பாக்ஸைப் பார்த்தால் விளக்கே இல்லை. கொஞ்ச நேரத்தில் அதுவாகவே விழித்து, லோகோ வந்து, படமும் வந்துவிடும். பத்து நிமிஷம் கழித்துத் திரும்பவும் போகும். டிஷ் மாட்டுகிறவரைக் கூப்பிட்டால், “அண்ணாச்சி, பெட்டி போயிட்டு, வேற போட்டிருவோம்” என்பார் பெரும்பாலும்.

பெட்டி போயிருக்கவும் கூடும். ஆனால் சந்தேகப்பட வேண்டிய வரிசையில் அது கடைசி. சுவரில் தளர்ந்த பிளக் பாயிண்ட், வெக்கையில் வருஷக்கணக்காகக் கிடக்கும் அடாப்டர், மாடியில் மழையும் காற்றும் படும் கேபிள் மூட்டு என்று முன்னால் மூன்று பேர் நிற்கிறார்கள். இந்த மூன்றையும் வீட்டிலேயே சோதித்துவிடலாம். ஒரு டெஸ்டர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், முடிந்தால் மலிவான டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று, இவ்வளவு போதும்.

முதலில், எப்படி அணைகிறது என்று பாருங்கள்

எதையும் கழற்றுவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் பெட்டியின் முகப்பு விளக்கைக் கவனியுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

விளக்கு முழுதாக அணைந்து, பிறகு லோகோவிலிருந்து தொடங்கினால் பெட்டிக்கு வரும் கரண்ட் உண்மையாகவே அறுபடுகிறது. விளக்கு அணையாமல் சிவப்பாக மாறி நின்றால் அது ஸ்டாண்ட்பை. கரண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பல பெட்டிகளில் சில மணி நேரம் ரிமோட் தொடாவிட்டால் தானாகத் தூங்கப் போகும் வசதி உண்டு, செட்டிங்ஸில் போய் அதை நிறுத்திவிடலாம். எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாக டிவியும் பெட்டியும் ஒன்றையொன்று அணைத்துவிடுவதும் நடக்கும். டிவி செட்டிங்கில் ‘சி.இ.சி.’ என்றோ, கம்பெனி வைத்த வேறு பெயரிலோ இருக்கும் அந்த இணைப்பை ஆஃப் செய்து பாருங்கள்.

விளக்கு எரிந்தபடியே இருந்து படம் மட்டும் உறைந்து நின்றால் அது சாஃப்ட்வேர் கோளாறாகவோ சூடாகவோ இருக்கும். லோகோ வரை வந்து வந்து திரும்பினால் சாஃப்ட்வேரும் காரணமாகலாம், பலவீனமான அடாப்டரும் காரணமாகலாம். விளக்கு சீராக, நொடிக்கு ஒரு தரம் என்கிற மாதிரி மினுக் மினுக்கென்று அடித்து, அடாப்டரில் காதை வைத்தால் ‘டிக் டிக்’ என்று மெல்லிய சத்தம் கேட்டால், எங்கோ ஷார்ட் இருக்கிறது, அல்லது அடாப்டரால் சுமை தாங்க முடியவில்லை. அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்று நின்று எழுகிறது.

எந்த நேரத்தில் அணைகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மிக்ஸி போடும்போதா, மோட்டார் ஓடும்போதா, மழை பெய்யும்போதா, குறிப்பிட்ட சேனலுக்கு மாற்றும்போதா? டிவியைப் போட்டுவிட்டு முற்றத்தில் பீடி சுற்றிக்கொண்டிருக்கும் அக்காவிடம் கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவார், மெக்கானிக்கைவிட அவர்தான் அதிக நேரம் அந்தப் பெட்டியோடு இருக்கிறார்.

ரெண்டு நிமிஷச் சோதனை: குடைக் கேபிளைக் கழற்றுங்கள்

இந்தச் சோதனைக்குக் காசு கிடையாது, கருவி கிடையாது. ஆனாலும் செய்கிறவர்கள் குறைவு.

குடையின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், சிக்னலை வாங்கிக் கீழே அனுப்பும் கருவிதான் எல்.என்.பி. அதற்குத் தனியாகக் கரண்ட் இணைப்பு கிடையாது. உங்கள் பெட்டிதான் அதே கேபிள் வழியாக 13 வோல்ட் அல்லது 18 வோல்ட் மேலே அனுப்புகிறது. அலை செங்குத்தாக வரும் சேனல்களுக்கு 13, கிடையாக வரும் சேனல்களுக்கு 18. அதனால் மாடியில் கேபிள் ஷார்ட் ஆனால் அந்தச் சுமை கீழே பெட்டியின் தலையில் விழும். நல்ல பெட்டியாக இருந்தால் ‘ஆன்டெனா ஷார்ட்’ என்று திரையில் சொல்லும். மற்றவை சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும்.

சோதனை இதுதான். பெட்டியைச் சுவர் ஸ்விட்சில் அணையுங்கள். பின்பக்கம் திருகி வைத்திருக்கும் குடைக் கேபிளைக் கழற்றுங்கள். ஸ்விட்சைப் போட்டு அப்படியே விடுங்கள். படம் வராது, ‘சிக்னல் இல்லை’ என்றுதான் வரும். வரட்டும், நாம் பார்க்க வேண்டியது விளக்கை மட்டும். வழக்கமாகப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அணைகிற பெட்டி என்றால் ஒரு மணி நேரமாவது ஓடவிடுங்கள்.

அணையவே இல்லை என்றால் பெரும்பாலும் கோளாறு மாடியில். கீழே எதையும் மாற்ற வேண்டாம். அணைந்தால் கோளாறு வீட்டுக்குள். மாடி ஏற வேண்டாம். ஒரு விதிவிலக்கு உண்டு. அடாப்டர் பலவீனமாக இருந்தால், எல்.என்.பி. சுமை இல்லாதபோது தாக்குப்பிடித்து, கேபிளை மாட்டியதும் படுத்துவிடும். ஆகவே ‘மாடியில்தான்’ என்று வந்தாலும், ஏணியை எடுக்குமுன் வேறு அடாப்டர் போட்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள். சில சேனல்களுக்கு மாற்றும்போது மட்டும் அணைகிறது என்றாலும் இதே சந்தேகம்தான்: 13 வோல்ட்டில் சமாளிக்கிற பெட்டி 18 கேட்கும்போது தடுமாறுகிறது.

கேபிளைக் கழற்றுவதும் மாட்டுவதும் எப்போதும் ஸ்விட்சை அணைத்த பிறகுதான். ஓடும்போது திருகினால் நடுக்கம்பி வெளி உலோகத்தில் உரசி, பெட்டிக்குள் எல்.என்.பி.க்கு கரண்ட் கொடுக்கும் பகுதியே போய்விடலாம்.

வீட்டுக்குள் என்றால்: பிளக் பாயிண்ட்

டிவி, பெட்டி, ஹோம் தியேட்டர், ரௌட்டர், செல்போன் சார்ஜர் என்று எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் தொங்குவது நம் வீடுகளில் சாதாரணம். அடாப்டர் கனமாக இருந்தால் தன் எடையாலேயே கீழே சாய்ந்து துளைக்குள் தளர்ந்துவிடும். அடாப்டரை விரலால் லேசாக அசைத்துப் பாருங்கள். விளக்கு சிமிட்டினால் கண்டுபிடித்துவிட்டீர்கள். துளையைச் சுற்றிக் கறுப்போ பழுப்போ தெரிந்தாலும், தொட்டால் சுட்டாலும், உள்ளே தீப்பொறி பறந்திருக்கிறது. அந்தப் பாயிண்டையே மாற்ற வேண்டும், பின்னை விரித்து வைத்துச் சமாளிக்காதீர்கள்.

பெட்டியை எக்ஸ்டென்ஷனிலிருந்து எடுத்து நேராகச் சுவர்ப் பாயிண்டில், முடிந்தால் வேறு அறையில் ஓடவிட்டுப் பாருங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் குற்றவாளி எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். இன்னொன்று, எறும்பு. ஸ்விட்சுக்குள்ளும் பாயிண்டுக்குள்ளும் சின்ன எறும்புகள் கூடு கட்டி மண் தள்ளியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தொடுமுனைகளுக்கு நடுவே அந்த மண் புகுந்தால் இணைப்பு விட்டு விட்டு வரும். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை வைத்துத் துப்புரவாக்குங்கள். மருந்தை ஸ்விட்சுக்குள் பீய்ச்சி அடிக்கும் வேலை மட்டும் கூடாது.

அடாப்டர்

இப்போதுள்ள பெட்டிகளில் பலவும் 12 வோல்ட் அடாப்டரில் ஓடுபவை. 1 ஆம்பியர், 1.5 ஆம்பியர், 2 ஆம்பியர் என்று பெட்டிக்குப் பெட்டி மாறும். பெட்டியின் அடியிலும் அடாப்டரின் முதுகிலும் அச்சிட்டிருப்பதைப் படித்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். எங்கோ மாறி ரௌட்டர் அடாப்டர் இதில் வந்து மாட்டியிருக்கும். ரௌட்டர் அடாப்டர்களில் 9 வோல்ட், அரை ஆம்பியர் என்றெல்லாம் உண்டு. முனை மட்டும் ஒரே மாதிரி இருப்பதால் உள்ளே போய்விடும், பெட்டி எரியவும் செய்யும், ஆனால் தாங்காது.

மாற்று அடாப்டர் தேடும்போது வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் கெடுதல் இல்லை. பெட்டி தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். குறைவாக இருக்கக்கூடாது. முனையின் நடுவில் பாசிட்டிவ், வெளியில் நெகட்டிவ் என்பதுதான் வழக்கம், ஆனாலும் லேபிளில் உள்ள படத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள். சி.சி.டி.வி. கேமராவுக்கு விற்கும் 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் பல பெட்டிகளுக்குச் சரியாகப் பொருந்தும். திருநெல்வேலி ஜங்ஷனிலோ டவுனிலோ எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். கொஞ்சம் கனமுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கையில் எடுத்தால் காற்றாக இருக்கும் சரக்கில் லேபிளில் 2 ஆம்பியர் என்று போட்டிருந்தாலும் நம்ப முடியாது.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் செய்யும் ஒரு தவறான முடிவைச் சொல்ல வேண்டும். அடாப்டரைக் கழற்றி முனையில் அளந்தால் 12 வோல்ட் காட்டும். ‘அடாப்டர் நல்லாத்தான் இருக்கு’ என்று பெட்டியின் மேல் பழி போட்டுவிடுவார்கள். சுமை இல்லாதபோது கெட்ட அடாப்டரும் 12 காட்டும். சுமை ஏற்றினால்தான் வண்டவாளம் தெரியும். அதற்குச் சுலபமான வழி, பைக் இண்டிகேட்டர் பல்பு. 12 வோல்ட் 10 வாட் பல்பு கிட்டத்தட்ட 0.8 ஆம்பியர் இழுக்கும், செட்டாப் பாக்ஸ் சுமைக்கு அது நல்ல மாற்று. அடாப்டர் முனைக்குப் பொருந்தும் ஜாக் ஒன்றை வாங்கி, பல்பை அதோடு இணைத்து, எரியும்போது வோல்ட் அளந்து பாருங்கள். பதினொன்றரைக்கு மேல் அசையாமல் நின்றால் தேறிவிட்டது. பத்துக்கும் ஒன்பதுக்கும் இறங்கினாலோ, பல்பு மினுக்கினாலோ குப்பையில் போடலாம். பத்து நிமிஷமாவது எரியவிடுங்கள், சூடேறிய பிறகுதான் சில அடாப்டர்கள் இறங்கும். பல்பு கையைச் சுடும், ஒரு ஓட்டுத்துண்டின் மேல் வைத்துவிடுங்கள்.

அடாப்டர் ஏன் கெடுகிறது? உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கபாசிட்டர்கள் காய்ந்துபோகின்றன. அவை சூட்டில் வாழ்பவை அல்ல. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் கணக்கு. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில், அக்னி நட்சத்திரத்தில், மூடிய டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் கிடந்தால் அது எத்தனை வருஷம் உழைக்கும்?

அடாப்டர் சரி, பிளக் சரி என்றால் பெட்டியில் முனை செருகும் துளையைப் பாருங்கள். வயரை லேசாக அசைக்கும்போது அணைந்தால், துளை உள்ளே சால்டர் விட்டிருக்கும். டிவி மெக்கானிக் பத்து நிமிஷத்தில் ஒட்டித் தருவார். பெட்டியில் பென் டிரைவோ ஹார்ட் டிஸ்க்கோ செருகியிருந்தால் அதையும் எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க் இழுக்கும் கரண்டுக்கு இந்தச் சின்ன அடாப்டர்கள் செய்யப்படவில்லை.

தெருவிலிருந்து வரும் கரண்ட்

நமக்கு வர வேண்டியது 230 வோல்ட். பெரும்பாலான அடாப்டர்களில் 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருக்கும், ஆகவே கொஞ்சம் குறைந்தாலே பெட்டி அணைய வேண்டும் என்பதில்லை. நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்துத் தோட்டங்களில் பம்ப்செட் எல்லாம் ஒன்றாக ஓடும் நேரத்தில் விளக்கு மங்கினாலும், நல்ல அடாப்டர் தாங்கும். மங்கும்போதெல்லாம் அணைகிறது என்றால் அடாப்டருக்கு வயசாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதில் பலருக்குத் தலைகீழான நம்பிக்கை ஒன்று இருக்கிறது: ‘ஸ்டெபிலைசர் வழியாகத்தான் ஓடுது, அதனால கரண்ட் பிரச்சினை இருக்காது’ என்பார்கள். பழைய ரிலே ஸ்டெபிலைசர் வோல்டேஜ் ஏறி இறங்கும்போது ‘டக் டக்’ என்று மாறும். ஒவ்வொரு டக்குக்கும் கண்ணிமைக்கும் நேரம் கரண்ட் அறுபடும். கபாசிட்டர் காய்ந்த அடாப்டருக்கு அந்த இடைவெளி போதும், அணைந்துவிடும். ஸ்டெபிலைசரை விட்டு நேராகச் செருகிப் பாருங்கள், பல வீட்டில் அதோடு தீரும்.

இன்வெர்ட்டரும் இதே ரகம். கரண்ட் போகும்போதும் வரும்போதும் மட்டும் பெட்டி அணைந்து எரிந்தால், இன்வெர்ட்டரின் பின்பக்கமோ முன்பக்கமோ உள்ள ஸ்விட்சைப் பாருங்கள். ‘யு.பி.எஸ்.’, ‘எக்கோ’ அல்லது ‘நார்மல்’ என்று இரண்டு நிலை இருக்கும். யு.பி.எஸ். நிலையில் மாறும் நேரம் சில மில்லி செகண்டுகள்தான், கம்ப்யூட்டரே அணையாது. எக்கோவில் அதைவிடக் கூடுதல். ஆனால் யு.பி.எஸ். நிலையில் வோல்டேஜ் 180 போலக் குறைந்தாலே பேட்டரிக்குத் தாவிவிடும். தினம் சாயங்காலம் வோல்டேஜ் படுக்கிற ஊராக இருந்தால் பேட்டரி வீணாகும், எக்கோவிலேயே விட்டுவிட்டு அடாப்டரை நல்லதாக மாற்றுவது மேல்.

ஒரு அறிகுறி மட்டும் தீவிரமானது. வீட்டில் சில விளக்கு கண்கூசப் பிரகாசமாகவும் சில மங்கலாகவும் எரிந்தால் நியூட்ரல் கம்பி விட்டிருக்கிறது. உடனே மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். மின்னகம் எண் 94987 94987, எந்த நேரமும் கூப்பிடலாம். அந்த நிலையில் டிவி, ஃபிரிட்ஜ் எல்லாமே போகும்; செட்டாப் பாக்ஸ் முன்கூட்டியே அணைந்தது நல்ல சகுனம் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மாடியில் என்றால்

திருநெல்வேலி வட்டாரத்தில் குடைக்கு மூன்று எதிரிகள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும், தெற்கே பணகுடி, காவல்கிணறு பக்கமும் வீசும் காற்று முதலாவது. காற்றாலை சுழலும் ஊரில் கேபிள் சும்மா கிடக்காது. கட்டாமல் விட்ட கேபிள் சன்ஷேட் விளிம்பில் நாள் முழுக்கத் தேய்ந்து தேய்ந்து, மேல் தோல் கிழிந்து, உள்ளே வலைக்கம்பி வரை வந்துவிடும். இரண்டாவது உப்பு. உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை என்று கடலோர ஊர்களில் கனெக்டர் பச்சை பூத்துவிடும். மூன்றாவது ஐப்பசி, கார்த்திகை மழையும் அதோடு வரும் இடியும்.

மாடி ஏறுவதற்கு முன் கீழே பெட்டியின் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். பக்கத்தில் கரண்ட் கம்பி போனால் ஏறவே வேண்டாம், ஆள் வையுங்கள். ஈரக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பிடிக்கும் வேலையும் வேண்டாம்.

எல்.என்.பி.யில் திருகியிருக்கும் கனெக்டரைக் கழற்றி உள்ளே பாருங்கள். நடுவில் ஒற்றைச் செம்புக் கம்பி, சுற்றிலும் வலைக்கம்பி. இந்த வலையிலிருந்து முடி போல ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டால் போதும், ஷார்ட். மழை பெய்தால் மட்டும் பெட்டி அணைகிறது என்பவர்களுக்கு இங்கே தண்ணீர் நிற்கும். பச்சையோ கறுப்போ படிந்திருந்தால் நாலு விரற்கடை வெட்டி எறிந்துவிட்டு, புது கனெக்டர் போடுங்கள். வெட்டிய இடத்திலும் வலை கறுத்திருந்தால் தண்ணீர் கேபிளுக்குள்ளேயே இறங்கியிருக்கிறது, அந்தக் கேபிளை ஒட்டுப்போட்டுப் பயனில்லை.

மல்டிமீட்டர் இருந்தால் இப்படி உறுதி செய்யலாம். கேபிளின் இரண்டு முனையையும் கழற்றி, எந்தப் பக்கமும் தொடாமல் வைத்து, நடுக்கம்பிக்கும் வலைக்கும் இடையே ஓம்ஸ் அளவு பாருங்கள். ஒன்றும் காட்டக்கூடாது. பூஜ்ஜியத்துக்கு அருகில் காட்டினால் கேபிள் ஷார்ட். கேபிள் நன்றாக இருந்து, எல்.என்.பி.யை மாட்டியதும் பெட்டி படுத்தால் எல்.என்.பி. போய்விட்டது. அதை மாற்றுவது பெட்டி மாற்றுவதைவிடச் செலவு குறைவு. மாற்றும்போது பழையதைப் பிடித்திருந்த கோணத்தை மார்க்கர் பேனாவால் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சிக்னல் தேடி அலைய வேண்டியிருக்கும்.

புது மூட்டு போட்டதும் தண்ணீர் உள்ளே போகாமல் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, மேலே சாதாரண இன்சுலேஷன் டேப். சாதாரண டேப் மட்டும் சுற்றினால் ஒரு கோடைக்குள் பசை உருகி அவிழ்ந்துவிடும். எல்.என்.பி.க்குக் கீழும், ஜன்னல் வழியாக வீட்டுக்குள் நுழையும் இடத்திலும் கேபிளை ஒரு வளைவு தொங்கவிட்டுக் கட்டுங்கள். மழைத்தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டி விழுந்துவிடும், உள்ளே ஓடி வராது.

இடி இடிக்கும்போது ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையும் பிடுங்கி, குடைக் கேபிளையும் கழற்றி வைக்க வேண்டும். ஆனால் அதை மேகம் கறுக்கும்போதே செய்துவிடுங்கள், தலைக்கு மேல் வெட்டும்போது கேபிளைத் தொடாதீர்கள்.

பெட்டியேதான் என்றால்

குடைக் கேபிள் இல்லாமலும், நல்ல அடாப்டரிலும், வேறு பாயிண்டிலும் அணைகிறது என்றால் பெட்டிதான். முதலில் அதன் மேல் போட்டிருக்கும் பூ வேலை செய்த துணியை எடுங்கள். ஆம்ப்ளிஃபயர் மேல் உட்கார்ந்திருந்தால் இறக்குங்கள். மூடிய ஷோகேஸில் இருந்தால் வெளியே எடுத்து ஒரு நாள் ஓட்டுங்கள். ஒரு மணி நேரம் ஓடியபின் அணைந்து, ஆறினால் திரும்ப ஓடுகிற பெட்டிக்குச் சூடுதான் நோய். துளைகளில் தூசியும் சில நேரம் பல்லியும் இருக்கும். பல்லி சர்க்யூட் போர்டில் குறுக்கே படுத்துக் கருகிக் கிடப்பது மெக்கானிக்குகளுக்குப் பழகிய காட்சி.

இதற்கு நேர் எதிரானது இன்னொரு வகை. காலையில் போட்டதும் எழாது, கொஞ்ச நேரம் கரண்டில் கிடந்தால் எழும், எழுந்த பிறகு நாளெல்லாம் ஓடும். இது பெட்டிக்குள் கபாசிட்டர் காய்ந்ததன் அடையாளம். தலை தட்டையாக இல்லாமல் வீங்கியிருக்கும். அதே மைக்ரோஃபாரட், 105 டிகிரி தாங்குவது, வோல்ட் அதே அளவு அல்லது ஒரு படி கூடுதல் என்று பார்த்து மாற்றினால் போதும். சாமான் விலை சில பத்து ரூபாய்க்குள் முடியும்.

பெட்டியை நீங்களே திறக்கலாமா? தனி அடாப்டர் உள்ள பெட்டி, வாரண்டி முடிந்துவிட்டது, வாடகைப் பெட்டி இல்லை என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறந்து பார்ப்பதில் ஆபத்து இல்லை. சுவரிலிருந்து 230 வோல்ட் நேராக உள்ளே போகும் பழைய பெட்டிகளைத் திறக்காதீர்கள். அவற்றில் ஒரு பெரிய கபாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உதைக்கும் அளவுக்கு மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

தண்ணீரில் நனைந்த பெட்டி தனி விஷயம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது, கீழ்த்தட்டில் இருந்த எத்தனையோ சாமான்கள் மூழ்கின. அப்படி நனைந்தவற்றைக் காயவைத்ததும் ஓடுகிறதே என்று சந்தோஷப்பட முடியாது. சேறு படிந்த இடத்தில் துரு மெல்ல ஊறி, மாதங்கள் கழித்துக்கூட விட்டு விட்டு அணையும். அதில் காசு போட வேண்டாம்.

கடைசியாகச் சாஃப்ட்வேர். லோகோவோடு நின்று நின்று திரும்பினால், குடைக் கேபிளை மாட்டி, சிக்னல் சரியாக உள்ள நேரத்தில் ஃபேக்டரி ரீசெட் கொடுத்துப் பாருங்கள். அப்டேட் ஓடும்போது மட்டும் ஸ்விட்சைத் தொடாதீர்கள். பாதியில் அறுந்தால் பெட்டி அங்கேயே நின்றுவிடும்.

மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானால், டி.டி. ஃப்ரீ டிஷ் பார்ப்பவர்களுக்குக் கஷ்டமில்லை. மாதச் சந்தா கிடையாது, கடையில் பெட்டியை மட்டும் வாங்கி மாட்டலாம். சந்தா கட்டுகிறவர்கள் அந்தந்தக் கம்பெனிப் பெட்டியைத்தான் வாங்க வேண்டும். அதற்கு முன் பழுதுபார்க்கக் கொண்டுபோவதாக இருந்தால், பெட்டியோடு உங்கள் வீட்டு அடாப்டரையும் கட்டாயம் எடுத்துப் போங்கள். இல்லாவிட்டால் மெக்கானிக் தன் மேஜையில் இருக்கும் நல்ல அடாப்டரைச் செருகி, அரை மணி நேரம் ஓடவிட்டு, “நல்லாத்தான ஓடுது அண்ணாச்சி” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.